தேய்மானக் கணக்கு

ஒரு வேலை இருக்கிறது. வருகிறீர்களா?

ஐந்து நாள் வேலை. இடம், காடு. வண்டி போகிற வரைக்கும் வண்டியில் போகலாம். அதற்கப்புறம் மண்வெட்டி, கடப்பாரை, கோடரி சகிதம் மலைமேல் நடக்க வேண்டும். தினம் எட்டு மணி நேரம் மண் வெட்ட வேண்டும். கல் புரட்ட வேண்டும். மழை வந்தால் நனைய வேண்டும். ராத்திரி படுக்கை கூடாரத்தில். குளியலறை கிடையாது. கழிப்பறை என்பது ஒரு சின்னக் கொத்தும், மறைவாக ஒரு மரமும். சாப்பாடு உண்டு. சம்பளம்?

கிடையாது. சல்லிக்காசு கிடையாது.

‘போய்யா, வேற ஆளைப் பார்’ என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? அமெரிக்காவில் இப்படிச் சொல்லாத ஆசாமிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைக்காக மட்டும் வருஷத்துக்குச் சுமார் ஆறாயிரம் பேர் வருகிறார்கள். எல்லோரும் ஐந்து நாள் முகாம் போடுவதில்லை. சிலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து புதர் வெட்டிவிட்டுப் போவார்கள். சிலர், விடுமுறை கிடைத்ததும் வாரக்கணக்கில் தங்கிவிடுவார்கள். டாக்டர், டிரைவர், காலேஜ் பையன், ரிடையரான வாத்தியார் என்று கலவையான கூட்டம். யாருக்கும் பத்து பைசா கிடையாது.

பாதையின் பெயர் அப்பலாச்சியன் டிரெயில். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் போய் முடிகிறது. 14 மாநிலங்கள். சுமார் 3,500 கிலோ மீட்டர். இந்தியாவின் தென்முனையிலிருந்து வடமுனை வரைக்கும் நேர்கோடு போட்டால்கூட இத்தனை நீளம் வராது. அதில் பெரும்பகுதி மலைமேல், காட்டுக்குள், கால்நடையாக மட்டுமே போகக்கூடிய பாதை.

பி.காம். வகுப்பில் ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு. இயந்திரத்துக்கு உண்டு. மேஜை, நாற்காலிக்குக்கூட உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது. பேரேட்டில் நிலம் எப்போதும் வாங்கின விலையிலேயே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பாடத்தை எழுதியவர் மலைப்பாதை எதையும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மலைப்பாதையும் நிலம்தான். ஆனால், அதைப்போல் தேய்கிற சொத்து உலகத்தில் வேறு கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் தேயும். ஒவ்வொரு காலடிக்கும் தேயும். மரம் ஒன்று குறுக்கே விழுந்தால் நடக்கிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பத்துப் பேர் சுற்றினால் புதுத்தடம். நூறு பேர் சுற்றினால் புதுப்பள்ளம். அப்படியே விட்டுவிட்டால், சில வருஷங்களில் காடு வந்து பாதையைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல நின்றுகொண்டிருக்கும்.

இந்தத் தேய்மானத்தை நூறு வருஷங்களாக யார் ஈடு கட்டுகிறார்கள் என்பதுதான் கதை.

* * *

1921. நியூயார்க். ஏப்ரல் மாதம்.

பென்டன் மெக்கை என்பவருக்கு அப்போது வயது 42. ஹார்வர்டில் வனவியல் படித்தவர். அரசாங்க வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். அவருடைய மனைவி ஜெஸ்ஸி, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர்களில் முக்கியமானவர். நீண்ட நாள் மன உளைச்சலில் இருந்த ஜெஸ்ஸி, அந்த ஏப்ரலில் ஈஸ்ட் நதியில் விழுந்து உயிரை விட்டார்.

மெக்கை உடைந்து போனார். நண்பர் ஒருவர் அவரை நியூஜெர்சியில் இருந்த ஒரு பண்ணை வீட்டுக்கு வரவழைத்தார். சார்லஸ் விட்டேக்கர் என்பது நண்பரின் பெயர். கட்டடக் கலைஞர்களின் சங்கம் நடத்திய பத்திரிகைக்கு ஆசிரியர். ஜூலை மாதம் அங்கே உட்கார்ந்து பேசும்போது, மெக்கை தன் மனத்துக்குள் வெகுநாளாக வைத்திருந்த ஒரு யோசனையை எடுத்து வெளியே போட்டார். ‘எழுதிக் கொடு, போடுகிறேன்’ என்றுவிட்டார் ஆசிரியர். அக்டோபர் இதழில் கட்டுரை வந்தது.

அந்தக் கட்டுரையில் பாதை என்பது ஒரு பகுதிதான். மெக்கை சொல்ல வந்தது வேறு. ஆலைகளும் ஆபீஸ்களும் மனிதர்களைப் பிழிந்து எடுத்துவிடுகின்றன. வருஷத்தில் சில வாரங்களாவது அவர்கள் மலைக்கு வரவேண்டும். மலை உச்சிகளை இணைத்து ஒரு பாதை. பாதை ஓரமாகத் தங்குமிடங்கள். பக்கத்தில் கூட்டாக வாழ முகாம்கள். அதற்கும் கீழே பண்ணைகள். லாபம் பார்க்கிற கம்பெனி எதற்கும் அங்கே வேலை கிடையாது. பாதையை வெட்டுவது யார்? வருகிறவர்களேதான். ஓய்வு நேரத்தில், ஆசைப்பட்டு.

கவனியுங்கள். கூலி இல்லாத வேலை என்பது காசு பற்றாக்குறையால் பிற்பாடு வந்து சேர்ந்த ஏற்பாடு இல்லை. முதல் நாளிலேயே, திட்டத்தின் நடுநாயகமாக அது இருந்தது. ஒரு மனிதன் சம்பளத்துக்காக இல்லாமல், தன் கையால் எல்லோருக்குமான ஒன்றைச் செய்யும்போது அவனுக்குள் ஏதோ சரியாகிறது என்று மெக்கை நம்பினார். சொல்லி வைத்தாற்போல, அப்படி எழுதும்போது அவருக்குள்ளும் ஏதோ சரியாக வேண்டியிருந்தது.

1923 அக்டோபரில் நியூயார்க்கின் பேர் மவுன்டன் பக்கம் முதல் துண்டு தயாரானது. 1925 மார்ச்சில் வாஷிங்டனில் கூட்டம் போட்டு, அப்பலாச்சியன் டிரெயில் கான்ஃபரன்ஸ் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கை தட்டினார்கள். கலைந்தார்கள்.

அப்புறம்?

அப்புறம் என்ன, ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கனவு காண்கிறவர்களின் கூட்டத்தில் வழக்கமாக என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

* * *

இந்த இடத்தில் இரண்டாவது ஆள் வருகிறார். மைரான் ஏவரி.

மெக்கைக்கு நேர் எதிர். மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். வாஷிங்டனில் கப்பல் சட்டம் பார்க்கிற அரசு வக்கீல். தத்துவம், சமூக மாற்றம், தொழிலாளி மனம் இதெல்லாம் ஏவரிக்கு ஆகாது. பாதை எத்தனை மைல் முடிந்தது? எத்தனை மைல் பாக்கி? யார் பொறுப்பு? எப்போது முடிப்பீர்கள்? தீர்ந்தது விஷயம்.

1927-ல் வாஷிங்டனில் ஒரு நடைப்பயணச் சங்கம் தொடங்கினார். ஆர்தர் பெர்கின்ஸ் என்ற ஓய்வு பெற்ற நீதிபதி, தூங்கிக்கொண்டிருந்த தாய் அமைப்பை உலுக்கி எழுப்பியிருந்தார். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, 1931-ல் ஏவரி தலைமைக்கு வந்தார். அடுத்த 21 வருஷம் நாற்காலியை விடவில்லை.

சைக்கிள் சக்கரம் ஒன்றுக்குக் கைப்பிடி வைத்து, தூரம் காட்டும் கருவி மாட்டி, அதை உருட்டிக்கொண்டே மலை மலையாக நடந்தார். தூரம் அளந்தார். குறிப்பு எழுதினார். பாதை போகிற ஊர்களில் நாலு பேரைப் பிடித்து, ‘இந்தா, இந்தப் பத்து மைல் உன் பொறுப்பு’ என்று சங்கம் அமைத்தார். சங்கம் சுணங்கினால் கடிதம் வரும். சாதாரணக் கடிதம் இல்லை. தோலை உரிக்கிற கடிதம். சக தொண்டர்களில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனால் பாதை வளர்ந்தது. மெக்கையின் திட்டத்தில் பாதை நியூஹாம்ப்ஷயரோடு முடிவதாக இருந்தது. ஏவரி அதைத் தன் சொந்த மாநிலத்தின் கட்டாடின் உச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். 1936-க்குள் மொத்தப் பாதையையும் துண்டு துண்டாக நடந்து முடித்த முதல் ஆளும் அவர்தான்.

கனவு கண்டவரும் கணக்குப் பார்த்தவரும் எத்தனை நாள் ஒத்துப்போக முடியும்?

வெர்ஜீனியாவின் ஷெனாண்டோவா மலைமுகட்டில் அரசாங்கம் கார் ரோடு போட்டது. ஸ்கைலைன் டிரைவ் என்று பெயர். ஏற்கெனவே பாதை போய்க்கொண்டிருந்த அதே முகட்டில். மெக்கைக்கு ரத்தம் கொதித்தது. காரிலிருந்து தப்பித்துப் போவதற்குத்தானே பாதை? ஏவரியின் கணக்கு வேறு. ரோட்டை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அரசாங்க ஆட்களை வைத்து, பக்கத்திலேயே நமக்கு நல்ல பாதை போட்டுக்கொள்ள முடியும். பாதை அறுந்து போகாமல் இருப்பதுதான் முக்கியம்.

1935 கடைசியில் தொடங்கிய கடிதச் சண்டை, 1936 பிப்ரவரியோடு உறவையே முறித்தது. மெக்கை ஒதுங்கிக்கொண்டார். கானகங்களைக் காப்பாற்றுவதற்கென்று 1935-ல் நண்பர்களோடு தொடங்கிய வைல்டர்னஸ் சொசைட்டி பக்கம் போய்விட்டார்.

யார் பக்கம் நியாயம்? நீங்களே சொல்லுங்கள். மெக்கை இல்லாவிட்டால் பாதைக்கு அர்த்தம் இல்லை. ஏவரி இல்லாவிட்டால் பாதையே இல்லை.

1937 ஆகஸ்ட் 14. மெய்ன் மாநிலத்தில் ஸ்பால்டிங் மலைப்பக்கம் கடைசி இரண்டு மைல் வெட்டி முடிக்கப்பட்டது. இதை முடித்தவர்கள் தொண்டர்கள் அல்லர். பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் தவித்த இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் ஆரம்பித்த பாதுகாப்புப் படையின் பையன்கள். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். எல்லாம் இலவச உழைப்பு என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். கணக்கு பொய்யாகிவிடும்.

* * *

முடிந்தது என்று நினைத்தால், அடுத்த வருஷமே பெரும்புயல். 1938 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து காடுகளில் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. பிறகு உலகப்போர். தொண்டர்கள் ராணுவத்துக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு பெட்ரோல் ரேஷன். காட்டுக்குப் போக வழியில்லை. தேய்மானம் தன் வேலையைக் காட்டியது. பாதை பல இடங்களில் காணாமலே போனது.

1948-ல் ஏர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் ராணுவ வீரர், போரில் செத்துப்போன நண்பனின் நினைவைச் சுமந்துகொண்டு ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஒரே மூச்சில் நடந்தார். அப்படி நடந்ததாகப் பதிவான முதல் ஆள். 124 நாள். பாதி நேரம் பாதையைத் தேடுவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. 1951-ல்தான் பாதை மறுபடியும் முழுசாக இணைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மறு வருஷம், 52 வயதில், மாரடைப்பில் ஏவரி போய்ச் சேர்ந்தார்.

1955-ல் இன்னொருவர் வந்தார். எம்மா கேட்வுட். வயது 67. பதினொரு பிள்ளைகள் பெற்ற பாட்டி. கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, கையால் தைத்த ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தார். முடித்ததும் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, பாதை எப்படிப் பாட்டி என்று கேட்டார்கள். பாட்டி சும்மா விடவில்லை. பத்திரிகையில் படித்ததற்கும் நேரில் பார்த்ததற்கும் சம்பந்தமே இல்லை, குறியும் ஒழுங்காக இல்லை, தங்குமிடமும் ஒழுங்காக இல்லை என்று வெளுத்து வாங்கிவிட்டார். நாடே படித்தது. தொண்டர் சங்கங்களுக்கு இதைவிடப் பெரிய ஆடிட் ரிப்போர்ட் தேவையிருக்கவில்லை.

இன்னொரு தலைவலி, நிலம். பாதையில் பெரும்பகுதி தனியார் நிலங்களின் வழியே, வாய்வார்த்தை அனுமதியில்தான் போய்க்கொண்டிருந்தது. இடம் கைமாறினால், புது முதலாளி வேலி போடுவார். தொண்டர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வழி வெட்டப் போவார்கள். 1968-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட தேசியப் பாதைகள் சட்டம் இதற்கு முடிவு கட்டத் தொடங்கியது. 1978-ல் நிலம் வாங்கப் பணமும் ஒதுக்கினார்கள். மெக்கை சட்டம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான், 1975-ல், 96 வயதில் கண்ணை மூடினார்.

சரி, சட்டம் வந்தாயிற்று. நிலம் அரசாங்கத்துடையது. இனி சம்பளம் வாங்குகிற ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், தொண்டர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றுதானே நினைப்பீர்கள்?

நடந்தது தலைகீழ். 1984-ல், வாங்கிப்போட்ட அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தேசியப் பூங்காத் துறை தொண்டர் அமைப்பிடமே ஒப்படைத்தது. ஓர் அரசாங்கம் தன் சொத்தைப் பராமரிக்கும் வேலையை, நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘நீங்களே பாருங்கள், உங்களுக்குத்தான் தெரியும்’ என்று பொதுமக்களிடம் கொடுப்பது அடிக்கடி நடக்கிற காரியமா?

* * *

அதற்கு முந்தைய வருஷம், 1983-ல், ஆரம்பித்ததுதான் நான் முதலில் சொன்ன ஐந்து நாள் வேலை. கோனராக் குழு என்று பெயர். தென்மேற்கு வெர்ஜீனியாவில் இருக்கிற ஒரு சின்ன ஊரின் பெயர் அது. ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்களால் செய்ய முடியாத கனமான வேலைகளுக்காக இந்த ஏற்பாடு. அந்தந்த ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து, காட்டுக்குள்ளேயே தங்கி வேலை செய்வார்கள்.

என்ன வேலை?

ஒரே வார்த்தையில் சொன்னால், தண்ணீரோடு சண்டை. பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். மழைத்தண்ணீர் மலைச்சரிவில் குறுக்கே ஓடிவிட்டால் பிரச்னை இல்லை. பாதையிலேயே இறங்கி ஓட ஆரம்பித்தால் போச்சு. வேகம் பிடிக்கும். மண்ணை அரிக்கும். பாதை வாய்க்காலாகும். எனவே, பாதையை மலையின் ஓரத்தில் வெட்டும்போது வெளிப்பக்கம் லேசாகச் சாய்வு கொடுப்பார்கள். நடக்கிறவருக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். ஏற்கெனவே செங்குத்தாகப் போய்விட்ட இடங்களில், கல்லையோ மரத்தையோ குறுக்கே சாய்வாகப் புதைத்து, தண்ணீரை வெளியே திருப்பிவிடுவார்கள். அதுவும் போதாதென்றால் கல்படி. ஆள் எடையைவிடக் கனமான கல்லைக் கடப்பாரையால் நெம்பி நெம்பிக் கொண்டுவந்து, பாதிக்குமேல் மண்ணுக்குள் இறக்கி, ஆடாமல் உட்கார வைக்க வேண்டும். ஒரே ஒரு படிக்கு அரை நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை.

இவர்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதத்துக்கு புலாஸ்கி என்று பெயர். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி. 1910-ல் ஐடஹோவில் மாபெரும் காட்டுத்தீ. எட் புலாஸ்கி என்ற வனக்காவலர், தன்னோடு இருந்த நாற்பத்துச் சொச்சம் பேரை ஒரு பழைய சுரங்கத்துக்குள் தள்ளி, வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்து நிறுத்தினார். சிலர் இறந்தார்கள். சுமார் நாற்பது பேர் பிழைத்தார்கள். அந்த மனிதரின் பெயர்தான் இன்றைக்குக் கோடரியின் பெயர்.

கானகம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகள் பாதையில் நிறைய உண்டு. 1964-ல் வந்த சட்டம் அங்கே மோட்டார் வைத்த எதையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. எனவே விழுந்த மரத்தை அறுக்க, இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற நீள ரம்பம். அதில் ஒரு ரகசியம் இருக்கிறது. இழுக்க மட்டும்தான் செய்யலாம். தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்து மாட்டிக்கொள்ளும். உன் முறை வந்தால் இழு. அவன் முறை வந்தால் கையைத் தளர்த்தி, விட்டுக்கொடு. மெக்கையும் ஏவரியும் ஒருநாள் சேர்ந்து இந்த ரம்பத்தைப் பிடித்திருக்கலாம்.

* * *

இப்போது கணக்குக்கு வருவோம். ஆறாயிரம் தொண்டர்கள், வருஷத்துக்குச் சுமார் இரண்டு லட்சம் மணி நேரம் உழைக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 33 மணி நேரம். வருஷத்தில் நாலு நாள் சொச்சம். அவ்வளவுதான். இதையே முழுநேரச் சம்பள ஆட்களை வைத்துச் செய்தால் ஏறத்தாழ நூறு பேர் வேண்டும்.

பெரிய அரசாங்கத்துக்கு நூறு பேர் சம்பளம் ஒரு விஷயமா? இல்லைதான். வைத்துக்கொள்ளலாம். ஆனால், அந்த நூறு பேர் வந்துவிட்டால் ஆறாயிரம் பேர் வரமாட்டார்கள். தன் கையால் வைத்த கல்படி எந்த வளைவில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிற ஆறாயிரம் பேர். ரோடு போடுகிறேன், கம்பி இழுக்கிறேன் என்று எவனாவது வந்தால், ‘அது என் படி’ என்று கிளம்பி வருகிற ஆறாயிரம் பேர். இந்த வரவு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. பாதை பிழைத்திருப்பது அந்த வரவால்தான்.

2024 செப்டம்பர் 27. ஹெலீன் புயல் தெற்கு அப்பலாச்சிய மலைகளைப் புரட்டிப் போட்டது. நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் பாதையை மூடினார்கள். டென்னசியில் எர்வின் ஊருக்குப் பக்கத்தில் நோலிச்சக்கி நதியைக் கடக்கும் பாலம் அடித்துக்கொண்டு போனது. ஊர்களில் செத்தவர்களும் வீடிழந்தவர்களும் ஏராளம். பல தொண்டர்களின் வீடே தண்ணீரில் நின்றது. முதலில் அக்கம்பக்கத்தைக் கவனித்தார்கள். பிறகு காட்டுக்குள் போனார்கள். சாய்ந்து கிடந்த மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தார்கள். அடுத்த வசந்தத்துக்குள் மூடிய பகுதியில் பெரும்பங்கு திறந்துவிட்டது.

அந்த வசந்தத்தில்தான், 2025 மார்ச்சில், அமைப்புக்கு நூறு வயது நிறைந்தது. இப்போது அதன் பெயர் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி. நூற்றாண்டு என்றால் விழா, மாலை, மேடை எல்லாம் உண்டுதான். மலைமேல் அன்றைக்கும் யாரோ இரண்டு பேர் ஒரு மரத்தின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, முறை வைத்து ரம்பம் இழுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மழைக்கு நூற்றாண்டு எல்லாம் தெரியாதல்லவா?